நில்

"தம்பி, மத்ததெல்லாம் இருக்கட்டும். கடைசிக் கட்டத்துல ‘நில்’னு ஒரு வார்த்தை போட்டுக் குடுங்க. நாளைக்குக் காலையில சரக்க எடுத்துருவேன்."

சொன்னவர் கிளியரிங் ஏஜென்ட். தூத்துக்குடிக்காரர், பம்பாயில் இருபது வருஷமாகத் தொழில். நான் எழுதி வைத்திருந்த தாளில் ‘சீசியம்-137: கிலோவுக்கு 2 பெக்கரலுக்கும் கீழ்’ என்று இருந்தது. சீசியம்-137 ஒரு கதிரியக்கப் பொருள், பெக்கரல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. அந்தக் ‘கீழ்’ என்ற சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. "கீழ்னா எவ்வளவு கீழ்? ஒண்ணா, அரையா? இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க." ஆங்கிலத்தில் அவர் கேட்ட சொல்லுக்குச் சூனியம் என்று பொருள். அதையே தமிழ் எழுத்தில் எழுதினால் நிற்கச் சொல்லும் கட்டளை ஆகிவிடுகிறது. சரக்கு நில்லாமல் போவதற்காக அவர் என்னிடம் ‘நில்’ கேட்டார். நான் எழுதவில்லை. எழுத முடியாது என்பதை அவருக்கு விளங்கவைக்கவும் முடியவில்லை.

அது 1987. துறைமுகத்தில் இறங்கும் பால்பொடிக்கும் வெண்ணெய்க்கும் கதிரியக்கச் சோதனை செய்து தாள் எழுதிக் கொடுக்கும் ஆய்வகத்தில் இளநிலைப் பணி எனக்கு. முந்தைய ஆண்டு ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபிலின் நான்காவது உலை வெடித்திருந்தது. சோவியத் அரசு வாய் திறப்பதற்கு முன்பே, 28-ஆம் தேதி ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒருவர் செருப்பில் ஒட்டியிருந்த துகள் கருவியை அலற வைத்தது. மேகம் போன திசையில் மழை பெய்த இடமெல்லாம் புல்லில் படிந்தது. புல்லைப் பசு தின்றது, பசு பால் கொடுத்தது, பால் பொடியாகிக் கப்பலேறியது. வெண்மைப் புரட்சித் திட்டத்துக்காக ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பால்பொடியும் வெண்ணெயும் நமக்கு நன்கொடையாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதே எங்கள் உத்தியோகம்.

முதலில் எல்லோரையும் பயமுறுத்திய அயோடின்-131 எங்கள் மேசைக்கு வரவே இல்லை. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். கப்பலும் காகிதமும் நம்மிடம் நகரும் வேகத்தில் அது இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். எங்களுக்கு மிஞ்சியது சீசியம். அதில் இரண்டு வகை. 137-க்கு அரை ஆயுள் 30 ஆண்டு, 134-க்கு 2 ஆண்டு.

வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன். மாரினெல்லி பீக்கர் என்று ஒரு பிளாஸ்டிக் பாத்திரம் உண்டு. அடிப்பக்கம் உள்ளே குழிந்திருக்கும். அந்தக் குழி, கதிர்களை எண்ணும் ஜெர்மானியம் டிடெக்டரின் தலையில் குல்லாய்போல உட்காரும். பால்பொடியானால் கொட்டித் தட்டி நிரப்பிவிடலாம். வெண்ணெய்தான் படுத்தும். குளிர்பதனத்திலிருந்து கல்லாக வரும். இளக்க வேண்டும், ஆனால் உருகி நீர் தனியாக, கொழுப்பு தனியாகப் பிரியக் கூடாது. நடுவில் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. கோடு வரை நிரப்பி, எடை பார்த்து, பத்து சென்டிமீட்டர் ஈயச்சுவருக்குள் வைத்து மூடிவிட்டுக் கை கழுவினால் மூன்று முறை சோப்புப் போட்டாலும் பிசுக்கு போகாது. அந்த வருஷம் முழுக்க என் சட்டைகளில் நெய்க்கடை வாசம். டிடெக்டருக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவது, இரவெல்லாம் எண்ணவிட்டுக் காலையில் தாளில் பீக் பார்ப்பது, இதுதான் நாள். பீக் என்பது வரைகோட்டில் எழும் மேடு. அது எழும் இடத்தின் எண் கதிரின் ஆற்றலைச் சொல்லும், அதை வைத்து எந்தப் பொருள் என்று தெரியும்.

இரவெல்லாம் ஏன் என்பதில்தான் ஏஜென்டின் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. கருவி எதையும் வைக்காமலே ஓடினாலும் ஏதோ எண்ணிக்கொண்டுதான் இருக்கும். சுவரில் உள்ளது, காற்றில் உள்ளது, வானத்திலிருந்து வருவது எல்லாம் சேர்ந்த இரைச்சல் அது. அந்த இரைச்சலுக்கு மேலே தலை நீட்டினால்தான் ‘இருக்கிறது’ என்று சொல்லலாம். நேரத்தை நான்கு மடங்காக்கினால் கண்டுபிடிக்கும் எல்லை பாதியாகும். இன்னொரு நான்கு மடங்கு, இன்னொரு பாதி. ஒரு மாதம் ஓடவிட்டாலும் சூனியம் வராது. ‘இதற்குக் கீழே எனக்குக் கண் தெரியாது’ என்பதே ஓர் ஆய்வகம் நேர்மையாகச் சொல்லக்கூடிய கடைசி வார்த்தை. போதாக்குறைக்கு, ஐம்பது அறுபதுகளின் அணுகுண்டுச் சோதனைகள் தூவிய சீசியம் செர்னோபிலுக்கு முன்பே பூமி முழுக்க இருந்தது.

வெண்ணெய் விஷயத்தில் எனக்குப் பெரிய வியப்பு, அதில் ஒன்றுமே வராதது. ஊரெல்லாம் வெண்ணெயைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. சீசியத்தின் வேதியியலோ பொட்டாசியத்தின் வேதியியல். அது நீரோடு போகும், கொழுப்பில் ஒட்டாது. பாலைக் கடைந்தால் பாலில் இருந்த சீசியத்தில் சில சதவீதம்தான் வெண்ணெயில் மிஞ்சும். மீதியெல்லாம் கொழுப்பு நீக்கிய பாலுக்கும், பாலாடைக்கட்டி செய்தால் மிஞ்சும் தெளிநீருக்கும் போய்விடும். ஜெர்மனியின் பவேரியாவில் அந்தத் தெளிநீரைக் காய்ச்சிப் பொடியாக்கி, சுமார் 5,000 டன்னை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ரயில் பெட்டிகளில் ஏற்றி அலையவிட்டார்கள். பயப்பட வேண்டியிருந்தால் அந்தப் பொடிக்குத்தான் பயந்திருக்க வேண்டும். வெண்ணெய்க்குப் பெயர் இருந்தது, பொடிக்கு இல்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ஒரு வெண்ணெய் சாம்பிளில் சீசியம்-137-க்குரிய 662-இல் நல்ல பீக், கிலோவுக்குத் தொண்ணூறு பெக்கரல் கணக்கு. கை நடுங்கியது. கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன், எத்தனை மாதமாக ‘கீழ், கீழ்’ என்றே எழுதிச் சலித்தவன்! தாளைத் தூக்கிக்கொண்டு மேடத்திடம் ஓடினேன். எங்கள் பிரிவின் தலைவர் பாலக்காட்டுக்காரர், குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒருமுறை பார்த்தார்.

"ஆறுநூத்தஞ்சு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எழுநூத்தித் தொண்ணூத்தாறு எங்க? நூத்திமுப்பத்தேழு மட்டும் தனியா எப்படிப்பா வரும்? அவன் கூட்டாளி எங்க?"

அப்போதுதான் உறைத்தது. உலையில் பிறந்த சீசியம் ஜோடியாகத்தான் வரும். செர்னோபிலிலிருந்து வெளிவந்தபோது 137 இரண்டு பங்கென்றால் 134 ஒரு பங்கு. குண்டு விட்டுச்சென்ற பழைய சீசியத்தில் 134 கிடையாது. இது ஒரு கைரேகை. என் வெண்ணெயில் 134-க்குரிய 605-உம் இல்லை, 796-உம் இல்லை. பழைய குண்டுச் சீசியம் வெண்ணெயில் இந்த அளவுக்கு வரவும் வழியில்லை. ஆக இது ஆய்வகத்துக்குள்ளேயே கிடைத்த சீசியம். கருவியைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் 137 கரைசலை வைத்த பீக்கரை நான் சரியாகக் கழுவாமல் எடுத்திருக்கிறேன். மூடியில் எழுதிய அடையாளம் அழிந்துபோயிருந்தது. புதுப் பாத்திரத்தில் மறுபடி எண்ணினோம், பழையபடி ‘கீழ்’. சரக்கு இரண்டு நாள் சும்மா நின்றது. மேடம் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் ஒற்றைப் பீக்கை நம்புவதில்லை.

அடுத்தது இன்றுவரை எனக்குத் தீராத சங்கடம். எந்தப் பால்பொடியை வைத்தாலும் தாளின் வலது ஓரத்தில் 1461-இல் ஒரு பீக் கம்பம்போல நிற்கும். அது பொட்டாசியம்-40. பாலோடு பிறந்தது, உலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கொழுப்பு நீக்கிய பால்பொடியில் கிலோவுக்குச் சுமார் 500 பெக்கரல் இருக்கும். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் 4,000 பெக்கரல் அளவுக்கு அது உண்டு. ஆரம்பத்தில் கண்டதையெல்லாம் எழுத வேண்டும் என்ற நினைப்பில் அதையும் பட்டியலில் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தோம். ஓர் அலுவலகத்தில் ஓர் அதிகாரி சீசியத்துக்கான ஐரோப்பிய வரம்பான 370-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் தாளில் 510 என்று பார்த்ததும் ‘நிறுத்தி வைக்கவும்’ என்று முத்திரை குத்திவிட்டார். சீசியம் அதே தாளில் முந்தைய வரியில் 30 என்றுதான் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய எண் கண்ணில் பட்டது, சின்ன எண் படவில்லை.

அதன் பிறகு பொட்டாசியத்தை எழுதுவதையே நிறுத்திவிட்டோம். மேடம்தான் சொன்னார், அதுவே நடைமுறைக்கு நல்லது, நானும் தலையாட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். இல்லாததை ‘நில்’ என்று எழுத மறுத்த அதே கை, இருப்பதை எழுதாமல் விட்டது. ஒன்று கொள்கை, மற்றது வசதி. இரண்டுக்கும் நடுவே நான் கோடு போட்ட இடம் சரிதானா என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

அந்த 370 எங்கிருந்து வந்தது? 1986 மே 30-ஆம் தேதி ஐரோப்பியச் சமூகம் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் கிலோவுக்கு 370 பெக்கரல், மற்ற உணவுக்கு 600 என்று இறக்குமதி வரம்பு போட்டது. 370 ஏதோ நுணுகிக் கணக்குப் போட்டு வந்த எண்போலத் தெரிகிறதல்லவா? 37-ஆல் வகுத்தால் 10. பழைய அலகில் சரியாகப் பத்து நானோகியூரி. யாரோ ஒரு முழு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அலகு மாறியதும் அது துல்லியத்தின் வேஷம் கட்டிக்கொண்டது.

வரம்பு போடுவது ஒன்றும் மந்திரமில்லை. ஒருவர் ஆண்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சு ஏற்கலாம், எவ்வளவு சாப்பிடுவார், அதில் எத்தனை பங்கு பாதிக்கப்பட்ட உணவு என்ற மூன்றையும் வைத்து வகுப்பதுதான். 1989-இல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆண்டுக்கு 5 மில்லிசீவர்ட் (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), 550 கிலோ உணவு, அத்தனையும் பாதிக்கப்பட்டது என்று வைத்து சீசியத்துக்கு 1,000 பெக்கரல் என்றது. 2006-இல் 5-ஐ 1 ஆகக் குறைத்தார்கள். உணவில் பத்தில் ஒரு பங்குதான் வெளியிலிருந்து வரும் பாதிப்புள்ள உணவு என்றும் வைத்துக்கொண்டார்கள். விடை மறுபடி 1,000. ஜப்பான் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2012 ஏப்ரலில் அதே 1 மில்லிசீவர்ட்டை எடுத்துக்கொண்டு, உள்நாட்டு உணவில் பாதி பாதிக்கப்பட்டதாக வைத்துக் கணக்குப் போட்டு 100 என்றது. அதுவரை தற்காலிகமாக இருந்தது 500. உடனே கிளம்பிய கேள்வி, அப்படியானால் போன வருஷம் நாங்கள் தின்றது விஷமா? இல்லை, கணக்கில் ஊகம் மாறியது, அவ்வளவுதான். இதை ஒரு தாய்க்கு எப்படிச் சொல்வது என்பதற்கு எந்த வாரியமும் வரம்பு போட்டுத் தரவில்லை.

நார்வே எதிர்த்திசையில் போனது. கலைமான் இறைச்சிக்கு 1986 நவம்பரில் 6,000 பெக்கரல் வரை விட்டார்கள். கல்பாசி வகைகளைத் தின்னும் மானில் சீசியம் ஏகமாகச் சேர்ந்திருந்தது. குறைந்த வரம்பு போட்டால், மான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்களின் மேய்ச்சல் வாழ்க்கையே அறுந்துபோகும். அதையும் தராசில் வைத்தார்கள். இளைஞனாக இருந்தபோது அதைச் சமரசம் என்று நினைத்து முகம் சுளித்தேன். இப்போது, வரம்பு போட்டவர்களிலேயே தாங்கள் எதை எதிர்த்தட்டில் வைத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள் அவர்கள்தான் என்று படுகிறது.

இங்கே, விநியோகிக்கக் கூடாது என்ற மனுவால் 200 டன் அயர்லாந்து வெண்ணெய் நீதிமன்றம் ஏறியது. பம்பாய் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ள, உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1987 ஆகஸ்ட் 27-இல் விதித்த வரம்புக்குள் இருக்கும் உணவு பாதுகாப்பானதா என்று சொல்ல விஞ்ஞானிகள் எம்.ஜி.கே. மேனன், பி.கே. ஐயங்கார் உள்ளிட்ட மூவரை நீதிமன்றம் கேட்டது. பாதுகாப்பானது என்றார்கள், 1988-இல் வழக்கு தள்ளுபடியானது. செய்தி வந்த அன்று கான்டீனில் எல்லோரும் ஜெயித்ததுபோலப் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனு போட்டவர்கள் கேட்டதும் தூத்துக்குடிக்காரர் கேட்டதும் ஒரே கேள்விதான், இருக்கா இல்லையா. 25 கிலோ பெட்டி என்று வைத்தால்கூட 200 டன்னுக்கு 8,000 பெட்டி. நாங்கள் எண்ணுவது ஒரு கட்டுக்கு ஒரு லிட்டர். சந்தேகப்படுவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. அவர்கள் சந்தேகப்பட்ட பொருள்தான் தப்பு.

அந்தக் காலத்துப் பால்பொடி சாம்பிள்களில் ஒரு டப்பா மட்டும் தூக்கிப் போடாமல் எங்கள் அலமாரியில் தங்கிவிட்டது. 1987-இல் எண்ணியபோது கிலோவுக்கு 137 அறுபது, 134 இருபது. பத்து வருஷம் கழித்து, பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். பொடி மஞ்சளித்துக் கட்டி தட்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் தாளோடு வந்தார். 137 ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. 605-இன் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு, "சார், இங்க ஒண்ணுமே இல்லையே. நில்னு போட்டுடவா?" என்றார்.

"இன்னிக்கு ராத்திரி முழுக்க ஓடட்டும்மா" என்றேன்.

காலையில் நான் வருவதற்குள் அவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். 605-க்கு நேராகக் கோடு லேசாக மேடு தட்டியிருந்தது. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.