போடிமெட்டு ஏற்றத்தில் பழைய ஆம்னி மிஸ்ஸிங் அடித்தால்

போடியிலிருந்து மலையடிவாரத்து முந்தல் வரை எந்த வண்டியும் நல்ல பிள்ளையாகத்தான் ஓடும். அதற்கப்புறம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரில் கலக்கும் பழைய மாருதி ஆம்னி வேனின் குட்டு அங்கேதான் வெளிப்படும். 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஒன்று எரியாமல் படுத்துவிட்டால், அதுதான் மிஸ்ஸிங், மூன்றில் ஒரு பங்கு இழுவை போச்சு. பூப்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பின்னால் ஹாரன் அடிக்கும்; பதற வேண்டாம். அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

முதலில் காதுக்குத்தான் வேலை. வெடுக் வெடுக்கென்று வெட்டி இழுத்தால் அநேகமாகக் கரண்ட் கோளாறு. மூச்சு வாங்குவதுபோல மெல்ல மெல்ல அடங்கி, பத்து நிமிடம் நிறுத்தி எடுத்ததும் மறுபடி ஏறினால் பெட்ரோல் வரத்துக் குறைவு. ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது மட்டும் ஆடி, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சீரானால் எங்கோ காற்று இழுக்கிறது. மேனிஃபோல்டு (கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்), கார்புரேட்டர் அடி கேஸ்கெட் ஓரங்களில் சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டால், ஓட்டை உள்ள இடத்தில் இன்ஜின் சத்தம் மாறும். எடுத்த எடுப்பில் கார்புரேட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைப்பதுதான் நம்மவர்கள் வழக்கம். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

முன்சீட்டைத் தூக்கினால் இன்ஜின். ஐட்லிங்கில் ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். கழற்றியதும் இன்ஜின் இன்னும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எதைக் கழற்றினால் மாற்றமில்லையோ, அதுதான் குற்றவாளி. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு அந்தப் பிளக்கை எடுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை கையோடு வரும்.

பிளக் முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். பிளக் முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்கைத் தூக்கி எறியலாம்; போகாவிட்டால் வயர், அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப், அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தின் மூடி. கேப்பின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் கரண்ட் அந்த வழியே ஓடிவிடுகிறது. சுரண்டினால் தற்காலிகமாக ஓடும். கேப்பை மாற்றுவதே வழி. வயர்களை மாற்றி மாட்டிவிட்டால் நினைவிருக்கட்டும், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-2.

பிளக், வயர், கேப் மூன்றும் சரி, சிலிண்டர் மட்டும் செத்தே கிடக்கிறது என்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தத்தை, அளந்து பார்க்க வேண்டும். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு கூடினால் ரிங், அசையாவிட்டால் வால்வு. அது ரோட்டோரத்தில் முடிகிற வேலையில்லை.

பெட்ரோல் வரத்துக் குறைவென்றால் ஃபில்டரை மாற்றுங்கள், பழைய ரப்பர் ஹோஸை விரலால் மடக்கி வெடிப்புப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். கீழே கோடை வெயிலில் ஏறி வந்த வண்டியில் பம்ப்பில் ஆவி அடைப்பதும் உண்டு. பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் போதும்.

மெட்டில் இன்னொன்று. உயரம் ஏற ஏறக் காற்று லேசாகும், 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால் கலவை கொழுத்து, கொஞ்சம் மந்தமாகத்தான் இழுக்கும். அது கோளாறல்ல. ஏர் ஃபில்டரைத் தட்டி, சோக் (ஸ்டார்ட் செய்யும்போது காற்றை அடைக்கும் தகடு) முழுக்கத் திறந்திருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டரில் கலவையைத் திருத்தும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை, அது ஐட்லிங்கை மட்டும்தான் ஆளும். பூப்பாறைப் பக்கம் இரவு தங்கினால் மறுநாள் காலை மூடுபனியில் கேப் உள்ளே ஈரம் கோத்து ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். உலர்ந்த பருத்தித் துணியால் கேப்பையும் வயர் நுனிகளையும் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.