டிரேடு டெஸ்டில் ஒரு கேள்வி: வண்டி வலது பக்கம் இழுக்கிறது

"வண்டி நேரா போகாம வலது பக்கமா இழுக்குது. என்ன பண்ணுவீங்க?"

வளைகுடா வேலைக்கான டிரேடு டெஸ்டுக்கு, அதாவது வேலை தெரியுமா என்று பார்க்கும் தேர்வுக்கு, சென்னை போன அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வண்டி என்றது ரப்பர் செயினில் ஓடும் டிராக் லோடரை. "டிராவல் மோட்டார் போயிருக்கும் சார், மாத்திருவேன்" என்றேன். செயினை ஓட்டுகிற ஹைட்ராலிக் மோட்டார் அது. கேட்டவர் பேனாவை மூடிவிட்டார். அப்புறம் அவர் கேட்ட இரண்டு கேள்வியும் ஊரைப் பற்றியும் அனுபவத்தைப் பற்றியும்தான். ராத்திரி வள்ளியூருக்கு ரயில் ஏறும்போதே முடிவு தெரிந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து அதே மாதிரி வேலைக்கு மறுபடியும் போய்த் தேறினேன். நடுவில் பெரிதாகப் புத்தகம் எதுவும் படிக்கவில்லை. தாய்மாமாவின் பழைய டிராக் லோடருக்கு அடியில் படுத்துக் கிடந்ததுதான் படிப்பு. டீசல் மெக்கானிக் முடித்த தம்பிகள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

நம் பக்கம் பாப்கேட் என்றால் சக்கரம் வைத்த சின்ன லோடர்தான் நினைவுக்கு வரும். அதே உடம்பில் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் செயின் போட்டது காம்பேக்ட் டிராக் லோடர். ஐடிஐயில் எனக்குக் கை பழகியதெல்லாம் டிராக்டரும் லாரியும். கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். இதில் அவை எதுவும் கிடையாது. இன்ஜினோடு இணைந்து இரண்டு ஹைட்ராலிக் பம்ப், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பம்பிலிருந்து கிளம்பும் ஆயில் அந்தப் பக்கத்து மோட்டாரைச் சுற்றவைத்துவிட்டு, டேங்குக்குப் போகாமல் நேராகப் பம்புக்கே திரும்பிவிடும். லிவரைத் தள்ளினால் பம்புக்குள் இருக்கும் ஸ்வாஷ் பிளேட் என்ற தட்டு சாயும். எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஆயில், அவ்வளவு வேகம். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ். மோட்டாரோடு பிளானட்டரி கியர், அதில் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரம், அது செயினை இழுக்கிறது. மோட்டாரும் கியரும் சேர்ந்த உருண்டையைத்தான் ஃபைனல் டிரைவ் என்கிறோம்.

சுற்றுக்குள் கசிந்து குறையும் ஆயிலை ஈடுகட்ட சார்ஜ் பம்ப் என்று ஒரு சின்னப் பம்ப் உண்டு. பெரிய சுற்றில் பாரம் ஏறும்போது அழுத்தம் 300 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தாண்டும். சார்ஜ் அழுத்தம் பல வண்டிகளில் 20 முதல் 30 பார்தான். ஆனாலும் அந்தச் சின்னவன் படுத்தால் இரண்டு பக்கமும் படுக்கும். பார்க்கிங் பிரேக் ஸ்பிரிங்கால் பிடித்து ஆயில் அழுத்தத்தால் விடுகிற வகை என்பதால் அதுவும் முழுசாக விடாது. ஆகவே வண்டி ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவானதைத் தள்ளிவிட்டு, மெதுவாக ஓடும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வலது பக்கம் இழுத்தால் வலது செயின்தான் மெதுவாக ஓடுகிறது. முதல் தடவை நான் இதைக்கூடச் சொல்லவில்லை.

மாமா வண்டி வாங்கிய கதையும் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையும் தாமிரபரணி வெள்ளமும் நம் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. தண்ணீர் வடிந்தபின் ஆற்றோரத்து வாழைத் தோட்டங்களில் மணலும் வண்டலும் மேடு தட்டிக் கிடந்தன. சக்கர வண்டி இறங்கினால் புதையும். மாமா எங்கேயோ விசாரித்து, ஏற்கெனவே பல ஆயிரம் மணி ஓடிய ஒரு டிராக் லோடரைக் கொண்டுவந்து இறக்கினார். வேலை குறைவில்லாமல் வந்தது. ஃபைனல் டிரைவ் மூழ்குகிற சேற்றிலேயே மாதக்கணக்கில் ஓட்டினார்கள். நான் டெஸ்டில் தோற்று வந்த வாரம் அதுவும் வலது பக்கம் இழுக்க ஆரம்பித்திருந்தது. ஒரு பட்டறையில் பார்க்காமலேயே மோட்டாரை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"ஏல மருமவனே, நீயும் அதத்தான சொல்லிட்டு வந்த?" என்றார் மாமா.

செயினிலிருந்து ஆரம்பித்தேன். காசு செலவில்லாத இடம் அது. பக்கெட்டாலும் மரக்கட்டையாலும் வண்டியைத் தூக்கி நிறுத்தி, செயின் தரையைத் தொடாமல் தொங்கும்போது நடு ரோலருக்கும் (செயினுக்குள் உருளும் சின்னச் சக்கரம்) செயினுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். எங்கள் வண்டியில் இடது பக்கம் சரியாக இருந்தது, வலது பக்கம் வில் நாண் மாதிரி விறைத்து நின்றது. செயினின் கோடியில் சும்மா சுற்றும் சக்கரமான ஐட்லருக்கும் ரோலருக்கும் நடுவே வண்டல் காய்ந்து சிமெண்டாகிவிட்டது. அரை நாள் கடப்பாரையும் தண்ணீருமாகப் போராடி எடுத்தோம். தினமும் வேலை முடிந்ததும் ஈரத்தோடு தட்டிவிட்டால் பத்து நிமிடத்து வேலை. இறுக்கத்தைக் குறைக்க, செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் வால்வை மெல்ல, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பினேன். உள்ளே இருப்பது சாதாரண கிரீஸ்தான், ஆனால் பயங்கர அழுத்தத்தில் இருக்கும். வால்வுக்கு நேரே முகத்தையோ கையையோ வைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், அதை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஹோஸில் பொடிக் கசிவைத் தேடும்போதும் இதே கதைதான், கையால் தடவாமல் அட்டையைக் காட்டுங்கள்.

செயினைச் சரிசெய்ததும் இழுப்பு பாதி குறைந்தது. மாமா அத்தோடு போதும் என்றார். நான் விடவில்லை.

அடுத்து ஃபைனல் டிரைவ் ஆயில். அதன் மூடியில் இரண்டு பிளக் (திருகிக் கழற்றும் அடைப்பு) இருக்கும். ஒன்று கடிகாரத்தில் 12 மணி இடத்துக்கும் மற்றது 3 அல்லது 9 மணி இடத்துக்கும் வருகிற மாதிரி வண்டியை நகர்த்தி நிறுத்தி, சூடு ஆறியபின் பக்கவாட்டுப் பிளக்கைத் திறந்தால் ஆயில் துளையின் விளிம்பில் நிற்கவேண்டும். இடது பக்கம் அப்படித்தான் நின்றது. பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருந்தது, திருநீற்றைக் குழைத்த மாதிரி சாம்பல் பசை. அது தேய்மானம்தான், பயமில்லை. விரலுக்கு நெருடுகிற செதிலோ துண்டோ வந்தால்தான் கவலை. வலது பக்கப் பிளக்கைத் தளர்த்தினதும் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து என் சட்டையை நனைத்தது. கியர் ஆயிலின் கொழகொழப்பு இல்லை, நாற்றமும் இல்லை. அது ஹைட்ராலிக் ஆயில்! ஆயில் வெளியேறாமல் தடுக்கும் மோட்டாரின் சீல் போய், மோட்டார் ஆயில் கியருக்குள் இறங்கியிருக்கிறது. (வெள்ளம் பார்த்த வண்டி என்பதால் பால் மாதிரி வெளுத்து வரும், தண்ணீர் புகுந்திருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.)

சீல் ஏன் போனது? மோட்டாருக்குள் இயல்பாகக் கசியும் ஆயில் ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும். கேஸ் டிரெய்ன் என்று பெயர். எங்கள் வண்டியில் அந்த வழியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குட்டி ஃபில்டர் இருந்தது. வாங்கின நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை. இருப்பதே மாமாவுக்குத் தெரியாது. வலது ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே மினுமினுவென்று பித்தளைத் தூள். மோட்டார் உள்ளே தேய்ந்து, அந்தத் தூள் ஃபில்டரை அடைத்து, போக வழியில்லாத ஆயில் சீலைத் தள்ளியிருக்கிறது.

பம்ப் நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை பாக்கி. ஹோஸ் எட்டுகிற வண்டிகளில், இன்ஜினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கிவிட்டு, இடது வலது டிரைவ் ஹோஸ்களை மாற்றிப் போடுவது. சோர்வு அடுத்த பக்கம் போனால் கோளாறு பம்பிலோ கண்ட்ரோலிலோ. அதே பக்கம் நின்றால் மோட்டாரில். எங்களுக்கு அதே பக்கம் நின்றது. கழற்றின வாயையெல்லாம் உடனே மூடுங்கள். பனியன் வேஸ்ட்டைத் திணித்து அடைக்காதீர்கள், அதன் நூலே அடுத்த கோளாறாகிவிடும்.

கடைசியில் மோட்டார்தான்! நான் டெஸ்டில் சொன்ன விடை தப்பில்லை. ஆனால் அன்று சொன்னபடி மோட்டாரை மட்டும் மாற்றி, அடைத்த ஃபில்டரை அப்படியே விட்டிருந்தால் புது சீலும் அதே வழியில் போயிருக்கும். சுற்றுக்குள் தங்கின தூள் பம்பையும் தின்றிருக்கும். மோட்டாரைத் தூத்துக்குடியில் துறைமுக வண்டிகளைப் பார்க்கும் ஒரு பட்டறையில் கொடுத்தோம். அதைப் பிரித்துச் சேர்க்க எனக்குக் கருவியும் இல்லை, துணிச்சலும் இல்லை. கழற்றுவது, சுற்றைக் கழுவுவது, ஃபில்டர், ஆயில், பூட்டுவது எல்லாம் நாங்களே.

இரண்டாவது டெஸ்டில் வேறு ஒருவர் இருந்தார். கேள்வி கிட்டத்தட்ட அதே. இந்த முறை வரிசையாகச் சொன்னேன்: இரண்டு பக்கமுமா ஒரு பக்கமா, செயின், ஃபைனல் டிரைவ் ஆயில், கேஸ் டிரெய்ன், ஹோஸ் மாற்றிப் பார்ப்பது, கடைசியில் மோட்டார். "நின்னுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுக்கலாமா?" என்றார். பிரேக் பிடித்திருக்கும், மூடிய சுற்றில் மோட்டாரே பம்பாக மாறிச் சூடேறும், மேனுவலில் சொன்ன முறையில் பிரேக்கையும், ஆயிலுக்கு மாற்று வழி விடும் பைபாஸையும் விடுவிக்காமல் இழுக்கக்கூடாது என்றேன். ஒரு ஹைட்ராலிக் சர்க்யூட் படத்தை நீட்டி சார்ஜ் பம்பைக் காட்டச் சொன்னார். அந்தப் படங்களுக்கான ஐஎஸ்ஓ 1219 தரக் குறியீடுகளில் பம்ப், மோட்டார், ரிலீஃப் வால்வு, செக் வால்வு, ஃபில்டர் இந்த ஐந்தையாவது கண்ணை மூடிக்கொண்டு வரையப் பழகுங்கள். ஆங்கிலம் சரளமாக வரவேண்டும் என்றில்லை, பாகங்களின் பெயர் சரியாக வந்தால் போதும்.

"கேஸ் டிரெய்ன் ஃபில்டர் எங்க இருக்கும்?"

"வண்டிக்கு வண்டி மாறும் சார், சிலதுல இருக்கவே இருக்காது. மேனுவலைக் கொடுத்தா பார்த்துச் சொல்லுதேன்."

பதற்றத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டு மேனுவலைத் தள்ளினார். பக்கத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது.

தேறின செய்தியைச் சொல்ல சென்ட்ரலிலிருந்து மாமாவுக்குப் போன் போட்டேன். சந்தோஷப்பட்டார். எப்போது விமானம், எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்: "சரி, போறதுக்கு முன்னாடி அந்த இடது பக்கத்து ஃபில்டரையும் வெட்டிப் பாத்துட்டுப் போ."