டெல்லி கணேஷ்: ஒரு மாத நாட்குறிப்பு

10 நவம்பர் 2024, ஞாயிறு

நேற்று ராத்திரி டெல்லி கணேஷ் போய்விட்டார். 80 வயது. காலையிலிருந்து எல்லா சானலிலும் மைக்கேல் மதன காமராஜன் துண்டுகள்தான் ஓடுகின்றன. நல்ல காட்சிகள்தான், ஆனால் 400 படங்களுக்கு மேல் நடித்த மனிதரை நாலைந்து காமெடிக்குள் அடக்கிவிடுவது மனசுக்கு ஒப்பவில்லை. வேலை முடிந்து ஒத்திகைக்கு ஓடி, சனி ஞாயிறில் நாடகம் போடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அவர் வேறு விதத்தில் முக்கியமானவர். மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்கள் ஏராளம். மேடையில் கற்றதில் எதைக் கூடவே கொண்டுபோவது, எதை வாசலிலேயே விட்டுவிடுவது என்று அவ்வளவு தெளிவாக இருந்தவர்கள் குறைவு. இந்த மாதம் அவர் படங்களைத் திரும்பப் பார்த்து, தோன்றுவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

11 நவம்பர், திங்கள்

விமானப்படையினர் வந்து அவர் உடலுக்கு மரியாதை செய்ததை டிவியில் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். 1964லிருந்து 1974 வரை பத்து வருஷம் அவர் விமானப்படையில் இருந்தார். ஊர் வல்லநாடு, தூத்துக்குடிப் பக்கம். பெயர் வெறும் கணேசன். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்தார், அதனால்தான் பாலசந்தர் முதல் படத்திலேயே பெயருக்கு முன்னால் டெல்லியைச் சேர்த்தார்.

அந்த டெல்லி நாடக உலகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மத்திய சர்க்கார் வேலைக்குப் போய் கரோல் பாக் பக்கம் குடியேறிய தமிழர்கள், பகலில் ஃபைல் பார்த்துவிட்டு சாயங்காலம் ஒத்திகை பார்த்த கூட்டம் அது. நாடகம் சோறு போடாது என்று தெரிந்தே நடித்தவர்கள். பிடித்திருந்தால் மட்டுமே அப்படிச் செய்ய முடியும்.

14 நவம்பர், வியாழன்

பட்டினப் பிரவேசம். 1977. விசு எழுதிய நாடகம். காத்தாடி ராமமூர்த்தி குழு அதை மேடையேற்றியபோது டெல்லி கணேஷ் அதில் நடித்தார், பாலசந்தர் படமாக்கியபோது படத்துக்கும் வந்தார். கிராமத்துக் குடும்பம் பட்டணத்துக்கு வந்து சிதறிப் போகிற கதை. மற்றவர்களிடம் மேடைக் குரல் கொஞ்சம் தெரிகிறது. முதல் படமாச்சே என்ற பதற்றம் இவரிடம் இல்லை.

16 நவம்பர், சனி

பசி. 1979, துரை இயக்கியது. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம் என்றுதான் எல்லோருக்கும் நினைவு. அது நியாயம்தான், அந்தப் பெண் அப்படி நடித்திருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் ரிக்‌ஷா ஓட்டுகிற அப்பாவாக வரும் டெல்லி கணேஷைப் பாருங்கள். பின்னாளில் பஞ்சகச்சமும் விபூதியுமாக நாம் பார்த்துப் பழகிய ஆளின் சாயல் ஒரு இடத்திலாவது தெரிகிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. பேச்சு மெட்ராஸ் குடிசைப் பகுதிப் பேச்சு, அதுவும் சிரிப்பு வரவழைப்பதற்காக இழுத்துப் பேசுகிற மெட்ராஸ் பாஷை இல்லை, நாள் முழுக்க வெயிலில் மிதித்துவிட்டு வந்தவனுக்குப் பேசவே தெம்பு இல்லாதபோது வருகிற பேச்சு.

மாநில அரசு இந்தப் படத்துக்காக அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. அதற்கப்புறம் சினிமா அவருக்கு இப்படி வேஷங்களை வரிசையாகக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நடுத்தர வர்க்கத்து அப்பா, மாமா, சமையல்காரர், கணக்குப்பிள்ளை என்று ஒரு அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்கள். அந்த அலமாரிக்குள்ளேயே ஒவ்வொரு அப்பாவையும் தனி ஆளாக ஆக்கினார் என்பது அவர் பெருமை. ஆனால் பசியைப் பார்த்த பிறகு எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்த மனிதரிடம் இன்னும் எவ்வளவோ இருந்தது.

19 நவம்பர், செவ்வாய்

சிந்து பைரவி, 1985. இதில் அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டு வந்தார் என்று பாடகர் ஜே.கே.பி. (சிவகுமார்) அவரை விரட்டிவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். அந்தக் காட்சியில் எல்லோரும் சிவகுமாரைத்தான் பார்ப்போம், நானும் முன்னால் அப்படித்தான் பார்த்தேன். இன்று குருமூர்த்தியை மட்டும் பார்த்தேன். அவமானத்தை அவர் முகத்தில் காட்டவே இல்லை, உடம்பில் வைத்திருக்கிறார், தோள் இறங்கிவிடுகிறது. பிற்பாடு ஜே.கே.பி.யே குடியில் விழும்போது நமக்கு வலிக்கிறதென்றால், இந்த மனிதர் அன்று அப்படி நின்றதும் அதற்கு ஒரு காரணம்.

24 நவம்பர், ஞாயிறு

ஒத்திகை. எங்கள் குழுவில் அப்பா வேஷம் போடுகிற பையன் தன் வசனம் முடிந்ததும் அணைந்துவிடுகிறான். சபா நாடகத்தில் இது பெரிய ஆபத்து. ஒருவர் ஜோக் சொன்னதும் கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அடுத்த வசனத்தை எடுக்கக் கூடாது, எடுத்தால் கேட்காது. அந்த இடைவெளியில் மேடையில் நிற்கிற மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? பாதிப் பேர் பொம்மையாக நிற்பார்கள், மீதிப் பேர் எதையாவது செய்து சிரிப்பைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்ப்பார்கள். இரண்டும் தப்பு. சொன்னதைக் காதில் வாங்கி, அந்த ஆளாகவே அதை ஜீரணித்துக்கொண்டிருக்க வேண்டும். டெல்லி கணேஷ் மேடையிலிருந்து சினிமாவுக்குக் கொண்டுபோனது இதைத்தான் என்று நினைக்கிறேன். உரக்கப் பேசுவதை விட்டுவிட்டார், காது கொடுப்பதை விடவில்லை.

நாயகனில் (1987) ஐயராகப் பெரும்பாலும் கமலுக்கு அருகில் நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால் வேலு நாயக்கர் வளர வளர ஐயர் நிற்கிற தூரமும் பார்க்கிற பார்வையும் மாறுகின்றன. நாயக்கர் எவ்வளவு பெரிய ஆள் ஆகிவிட்டார் என்பதை நாம் பாதி இவர் கண்ணில்தான் படிக்கிறோம்.

30 நவம்பர், சனி

புயல். காலையிலிருந்து விடாத மழை, ஒத்திகை ரத்து. கரண்ட் இருந்தவரைக்கும் இரண்டு படம்.

அபூர்வ சகோதரர்களில் (1989) வில்லன் நால்வரில் ஒருவர், பிரான்சிஸ் அன்பரசு. நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் என்று பலமான ஆட்கள் நடுவே. அடுத்த வருஷமே மைக்கேல் மதன காமராஜனில் பாலக்காட்டு மணி ஐயர். திருநெல்வேலிச் சீமைக்காரர் பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறார், அதுவும் கிரேசி மோகன் வசனத்தை, அந்த வேகத்தில். கல்யாண வீட்டு சாம்பாரில் மீன் விழுகிற கலாட்டாவில் அவர் ஒரு தடவைகூட சிரிப்புக்காக நடிக்கவில்லை. சமையல் மானம் போகப்போகிறதே என்று நிஜமாகவே பதறுகிறார். நாம் சிரிப்பது அதனால்தான்.

3 டிசம்பர், செவ்வாய்

டிவி பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. கஸ்தூரி, செல்லமே என்று சீரியல்களில் நடித்தார். சினிமா ரசிகர்கள் இதை ஏதோ இறக்கம் மாதிரி சொல்வது எனக்குப் பிடிக்காது. சீரியல் செட்டில் ஒரே நாளில் பல காட்சி எடுத்தாக வேண்டும், வசனப் பேப்பர் அன்றைக்குத்தான் கைக்கு வரும், கேமராவுக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு அதிர்ச்சியான வசனம் வந்தால் சுற்றி நிற்கிற ஒவ்வொரு முகத்துக்கும் குளோசப் போகும், பலரும் கண்ணை உருட்டுவார்கள். நான் முன்னால் சொன்ன அந்தச் சிரிப்பு இடைவெளி மாதிரிதான் இதுவும், என்ன செய்வதென்று தெரியாதவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு அது இருபது வயதுகளிலேயே பழகிய இடம். என் சித்திக்கு சிந்து பைரவி நினைவில்லை, ஆனால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்த அந்தப் பெரியவரைத் தெரியும்.

படங்கள் இருக்கின்றன, சீரியல்களும் எங்கேயோ இருக்கும். அந்தக் காலத்து சபா நாடகங்களைத்தான் பெரும்பாலும் யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் இருந்து, கணேசன் என்கிற அந்த விமானப்படை இளைஞரை மேடையில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள், எந்த நாடகம், என்ன வேஷம், எப்படி நின்றார் என்று எழுதி வையுங்கள். அவர்களுக்கும் இப்போது எழுபது எண்பது வயது ஆகியிருக்கும்.