பானெட்டில் போகாத மங்கலும் ஒரு மார்க்கர் கோடும்

மெஷினால் பாலிஷ் போடுகிறேன் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கார் பானெட்டோடு மல்லுக்கட்டி, நான்காவது ஞாயிறுதான் ஜெயித்தேன். அதுவும் பாதி பானெட்டில். மீதிப் பாதிக்கும் எனக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை.

கார் கறுப்பு. சின்னக் கீறலும் அதில் பளிச்சென்று தெரியும்; கறுப்பு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கழுவுவது, ஒட்டிய அழுக்கை எடுக்கக் களிமண் கட்டி தேய்ப்பது, ரப்பர் பீடிங்கில் டேப் ஒட்டுவது எல்லாம் வழக்கம்போல முடிந்தது. கதவில் நகம் தடுக்கும் கீறல் இரண்டு இருக்கின்றன. அவை பாலிஷில் போகாது, அவற்றின் பக்கமே போகவில்லை. என் குறி பானெட் முழுக்க இருந்த சுழல் கீறல்கள்தான். விளக்கைக் காட்டினால் அதைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலத் தெரியுமே, அது. (உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்குக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.)

வெட்டும் வேலை சுலபமாகவே போனது. 15 மிமீ டிஏ மெஷின் (பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் பாலிஷ் மெஷின்; 15 மிமீ என்பது அந்த ஆட்டத்தின் அளவு), மைக்ரோஃபைபர் பேட், காம்பவுண்ட் என்ற முரட்டுப் பாலிஷ். இரண்டடிக்கு இரண்டடி சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று, வலை காணோம். பூச்சின் தடிமனைக் காட்டும் பெயிண்ட் கேஜில் முன்பு 118 மைக்ரான், பிறகு 115. கேஜ் மொத்தப் பூச்சையும் சேர்த்துத்தான் காட்டும். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அத்தோடு நிறுத்தினேன். கேஜைக் கையில் எடுத்த ஜோரில் வண்டி முழுக்க வைத்துப் பார்த்ததில் வலது முன் ஃபெண்டரில் 240 காட்டியது, அதாவது அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். விற்றவர் ‘ஒரு சின்ன டச்சப்கூட இல்லை சார்’ என்று சொன்ன அதே வண்டி. சரி, விடுங்கள்.

வலை போன இடத்தில் புகை படிந்தது போல ஒரு மங்கல் நின்றது. மைக்ரோஃபைபர் பேட் போட்டால் மங்கல் வருவது தெரிந்ததுதான். மெத்தென்ற ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் போட்டு ஓட்டினால் போய்விடும். முதல் ஞாயிறு அப்படித்தான் ஓட்டினேன். போய்விட்டது! போட்டோ எடுத்தேன், வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். புதன்கிழமை காரைக் கழுவினேன். மங்கல் அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் இறங்கி மூடிக்கொண்டிருக்கிறது. ஷாம்பு பட்டதும் சாயம் வெளுத்துவிட்டது. 15 சதவீதம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரை அடித்துத் துடைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சோம்பேறித்தனம்.

இரண்டாவது ஞாயிறு வேறு பாலிஷ். மூன்றாவது ஞாயிறு இன்னொன்று, வேகத்தையும் குறைத்து, கையை எடுத்துவிட்டு மெஷின் எடையில் மட்டும் ஓட்டினேன். மங்கல் கொஞ்சம் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. ‘இந்தப் பெயிண்ட் ரொம்ப சாஃப்ட்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோற்றவன் எல்லாம் சொல்வதுதானே அது!

காரணம் பாட்டிலில் இல்லை, பேடில் இருந்தது. மூன்றாவது ஞாயிறு இரவு பேடைக் கழற்றி விளக்கடியில் பார்த்தேன். நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஃபோமின் கண்கள் அடைத்து, காய்ந்த பாலிஷும் உரிந்த கிளியர் கோட்டும் சேர்ந்து பொருக்காக இறுகிக் கிடந்தன. விரலால் தடவினால் நறநறவென்றது. மூன்று பாலிஷையும் இதே பேடில்தான் ஊற்றியிருக்கிறேன். கீறலை எடுக்கிறேன் என்று நானே கீறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொரு தவறும் கூடவே பிடிபட்டது. பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். டிஏ மெஷின் வைத்திருக்கும் எவரும் முதல் நாளே போட வேண்டிய கோடு அது. நான் இத்தனை நாள் போடவில்லை. ஓட்டிப் பார்த்தால், சமதளத்தில் கோடு தெரியாதபடி சுற்றுகிறது. பானெட்டின் நடுமேட்டு வளைவுக்கு வந்ததும் கோடு நின்றுவிடுகிறது. மெஷின் உறுமுகிறது, கை அதிர்கிறது, பேட் மட்டும் சுற்றவில்லை, இருந்த இடத்தில் நடுங்குகிறது. மங்கல் மிக மோசமாக இருந்ததும் சரியாக அந்த மேட்டில்தான். வளைவில் பேடின் ஒரு ஓரம் மட்டும் அழுந்தினால் டிஏவின் சுழற்சி நின்றுபோகும். பேடின் முழு முகமும் படும்படி வளைவோடு மட்டமாகப் பிடித்தாலே கோடு மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. மணிக்கட்டில் ஒரு நூல் அளவு வித்தியாசம். அரை மணி நேரம் பாலிஷே போடாமல், வழுக்கலுக்குக் குவிக் டீட்டெய்லர் ஸ்ப்ரே மட்டும் அடித்து அந்தக் கோட்டைப் பார்த்தே கையைப் பழக்கினேன்.

நான்காவது ஞாயிறு புது ஃபோம் பேட் மூன்று. ஒரு சதுரம் முடிந்ததும் மெஷின் ஓடும்போதே நைலான் பிரஷ்ஷைப் பேடில் அழுத்தி அழுக்கை வழித்தேன். இரண்டு சதுரத்துக்கு ஒருமுறை பேடையே மாற்றினேன். பாலிஷ் மூன்று சொட்டு, பட்டாணி அளவு. அதற்கு மேல் ஊற்றினால் பேட் ஊறிப்போய் வெட்டாமல் வழுக்கும். துடைப்பதிலும் கவனம் தேவை: காய்ந்த பாலிஷை அழுத்தித் துடைத்தால் துணியே கோடு போடும், கறுப்பில் அது உடனே தெரியும். ஆல்கஹால் தண்ணீரை அடித்து, சில நொடி விட்டு, துணியின் எடையில் மட்டும் இழுத்தேன். விளக்கைக் காட்டினேன். பல்பின் ஓரம் கத்தியால் வெட்டியது போலத் தெரிந்தது. மங்கல் இல்லை. கழுவிவிட்டும் பார்த்தேன், இல்லை. முதல் இரண்டு பாட்டில் பாலிஷிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டாவது பாட்டிலில்தான் இந்த ஃபினிஷ் வந்தது.

பேட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறத்தை நம்பாதீர்கள். ‘ஆரஞ்சு என்றால் வெட்டும், கறுப்பு என்றால் ஃபினிஷிங்’ என்பதெல்லாம் ஒரு கம்பெனிக்குள் மட்டும் செல்லும். அடுத்த கம்பெனியில் நிறம் வேறு, கடினம் வேறு. எனக்கு விற்றவர் நிறத்தைச் சொல்லித்தான் விற்றார். வந்ததை விரலால் அழுத்திப் பார்த்தால் கல். அதைக் கதவு வேலைக்கு ஒதுக்கிவிட்டேன். அளவிலும் கவனம்: 5 இன்ச் பிளேட்டுக்கு 5.5 இன்ச் பேட்தான் சரி. பிளேட்டின் ஓரம் பெயிண்டில் உரசினால் அப்புறம் பாலிஷ் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது.

அடுத்து ஒரு 3 இன்ச் சின்ன மெஷின் மேல் கண். கதவுக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் குறுகிய பட்டையிலும் தூண்களிலும் இந்த 5.5 இன்ச் பேட் நுழையவே நுழையாது. ரூபெஸ் கம்பெனியின் 21 மிமீ டிஏ மெஷினையும் ஒருவரிடம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். கூரையில் வெண்ணெய் மாதிரிப் போகிறது; வளைவில் என்னுடையதைவிடச் சீக்கிரம் நின்றுவிடுகிறது. அதனால் அந்த ஆசையை ஒத்திவைத்திருக்கிறேன். 240 காட்டிய ஃபெண்டரில் நைஸான 3000 கிரிட் உப்புத்தாளால் ஒரு கை பார்க்கலாமா என்றும் யோசனை ஓடுகிறது. மேலே இருப்பது கிளியர் கோட்டா, கீழே வெறும் புட்டியா என்று கேஜ் சொல்லாது என்பதால் கை போகவில்லை.

அதற்கெல்லாம் முன்னால் பானெட்டின் இடது பாதி பாக்கி இருக்கிறது. நடுவில் ஒட்டிய டேப்பை ஒரு வாரமாக உரிக்கவில்லை, பசை இறங்கியிருக்கும். மூன்று பேடும் கழுவி, முகம் கீழே பார்க்கக் காய்கின்றன. இன்று காலை தொட்டுப் பார்த்தேன், ஒன்று இன்னும் ஈரம்.