பேசாத சம்பந்திகள்

எங்கள் அலுவலகத்தில் கணக்குக் கோப்புகளை ஒன்று சேர்ப்பதற்கென்று சி மொழியில் எழுதப்பட்ட பழைய நிரல் ஒன்று உண்டு. எழுதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். மூலநிரல் எந்தக் கணினியோடு காயலான் கடைக்குப் போனது என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘பிராசஸ் திஸ் ஃபைல்?’ என்று திரையில் கேட்டுவிட்டு, நாம் ‘ஒய்’ (ஆம்) என்றோ ‘என்’ (இல்லை) என்றோ தட்டும்வரை அது அசையாது. மாதக் கடைசியில் 112 கோப்புகள். தேதி பொருந்தாவிட்டால் எச்சரிக்கை காட்டும். அப்போது ‘என்’ தட்ட வேண்டும் என்பதால், எதற்கும் தலையாட்டும் யெஸ் ஆணையை வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை.

ஆகவே திரையில் வருவதைப் படித்துப் பதில் சொல்லும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி, ஓடவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஒரு கோப்புகூட நகரவில்லை. கேள்வியைக் கேட்டாகிவிட்டது என்று சி நிரல் பதிலுக்குக் காத்திருந்தது. கேள்வியே வரவில்லையே என்று என் நிரல் காத்திருந்தது. முதலில் யார் வாயைத் திறப்பது என்று முறுக்கிக்கொண்டு பந்தலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளைப் போல, இரண்டும் முக்கால் மணி நேரம் மௌனமாக இருந்திருக்கின்றன.

குற்றம் இடையில் இருந்த பஃபருடையது, அதாவது எழுத்துகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் தற்காலிகக் கிடங்கினுடையது. எதிரே திரை இருந்தால் கேள்வியை உடனே காட்டும் சி நிரல், எதிரே பைப் (ஒரு நிரல் சொல்வதை இன்னொரு நிரலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) இருப்பது தெரிந்தால், லினக்ஸில் வழக்கமாக 4096 பைட் சேரும்வரை எதையும் வெளியே விடாது. கேள்வியின் நீளமோ 25 எழுத்து, அதாவது 25 பைட். பஃபர் நிறைய ஏறக்குறைய 164 கேள்விகள் வேண்டும், எங்களிடம் இருந்ததோ 112 கோப்புகள்! மூலநிரல் கையில் இருந்திருந்தால் பஃபரில் இருப்பதை உடனே வெளியே தள்ளும் எஃப்ஃபிளஷ் என்று ஒரு வரி சேர்த்து முடித்திருக்கலாம்.

இந்த வம்புக்கு 1990-இலேயே எக்ஸ்பெக்ட் என்ற கருவி வந்துவிட்டது என்பதும், அதன் வழியைப் பின்பற்றிப் பைத்தானில் பிஎக்ஸ்பெக்ட் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. இவை பைப்புக்குப் பதிலாகப் போலி முனையம் ஒன்றை உருவாக்கி, எதிரே உண்மையிலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக அந்தப் பழைய நிரலை நம்பவைக்கின்றன. நம்பியது; கேள்விகள் மளமளவென்று வந்தன. மூன்று கோப்புகளுக்குச் சரியான பதில் போனதைப் பார்த்ததும் பூரித்துப்போய், எல்லாவற்றையும் ஓடவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன்.

எச்சரிக்கை இல்லாவிட்டால் ஒய் சொல் என்பதே நான் கற்றுக்கொடுத்த விதி. எல்லாக் கோப்புகளும் முடிந்தபின் அந்த நிரல் ‘ரன் அகெயின்?’ என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்தபோது இரண்டும் 47-ஆவது சுற்றில் சுமுகமாகப் பேசிக்கொண்டிருந்தன. எனக்கு முன்பே வந்துவிட்ட மேலாளர் திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “ராத்திரியெல்லாம் வேலை பார்த்திருக்கு போல, ஓவர்டைம் யார் பேர்ல போடறது?” என்று கேட்டார்.