வவுனியா வீடுகளைப் பார்க்க ஆள் தேடிய கதை

அப்பா போன பிறகு எங்களுக்கு இருந்தவை வவுனியா பண்டாரிகுளத்தில் இரண்டு வாடகை வீடுகளும் கிளிநொச்சியில் வரிசையாகக் கட்டிய நான்கு அறைகளும். நான் கொழும்பில் வேலை. அம்மா என்னோடு வெள்ளவத்தையில் இருக்கிறார். இரவு பஸ் ஏறினால் விடியுமுன் வவுனியாவில் இறங்கலாம். ஆனால் மோட்டர் ஓடவில்லை என்று குடியிருப்பவர் கோல் எடுக்கிற ஒவ்வொரு முறையும் பஸ் ஏற முடியாது.

முதல் மூன்று வருடம் மாமாதான் பார்த்தார். அம்மாவின் கூடப்பிறந்தவர். ஒரு ரூபாய் வாங்கவில்லை. பெட்ரோல் காசு கொடுத்தால்கூட முகம் சுருங்கும். மூன்றாம் வருட மாரியில் நான் திடீரென்று போனபோது இரண்டாவது வீட்டின் முன்னறையில், சீலிங்கில் பெரிய பழுப்பு வட்டம் ஒன்று. அதிலிருந்து நீர் வடிந்த கோடு சுவர் வழியாக சுவிட்ச் வரை வந்திருந்தது. ஓடு உடைந்து இரண்டு மாதம். அந்த வீட்டு வாடகை ஐந்து மாதம் வரவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. குடியிருப்பவரின் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்ததாம். கேட்க மனம் வராமல் மாமா விட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவும் கூச்சப்பட்டிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் அன்று ஒன்று விளங்கியது: சம்பளம் வாங்காதவரிடம் கணக்குக் கேட்க முடியாது. கேட்டால் அது உறவில் போய் முடியும்.

அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போய் இருந்து பேசினோம். "எனக்கும் முந்தி மாதிரி ஏலாது தம்பி, நீங்கள் வேற ஆளைப் பாருங்கோ" என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

ஆள் தேடுமுன் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். இந்த விஷயத்தில் நான் செய்த நல்ல வேலை அதுதான். இரண்டு பேப்பரையும் ஒரு முத்திரையையும் வைத்து நாங்கள் எழுதி வைத்திருந்த ஒரு வருட வாடகை ஒப்பந்தங்களைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். வீட்டில் எழுதிய கடதாசி அந்த ஒரு வருடத்தைத் தாங்காது. அதைவிட முக்கியமாக அவர் சொன்னது பற்றுச்சீட்டைப் பற்றி. இலங்கையில் உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டவர், 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது தனக்கே என்று வழக்காட முடியும். வாடகை கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குபவர் ஒவ்வொரு மாதமும் எங்களை உரிமையாளராக ஏற்றுக்கொள்கிறார். 'பாவம், சும்மா இருக்கட்டும்' என்று எழுத்தில்லாமல் விட்ட இடத்தில்தான் சிக்கல். போர்க்காலத்தில் காணியை விட்டு ஓடியவர்களுக்காக 2016 இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்ததே, அதுவும் இதே பத்து வருடக் கணக்கினால்தான் என்றார். வன்னிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பராமரிப்பவருக்குப் பொது அற்றோணித் தத்துவம் எழுதவே வேண்டாம் என்றும் சொன்னார். விற்க, ஈடு வைக்க, குத்தகைக்கு எழுத அதிகாரம் போனால் பிறகு அழுது பயனில்லை. வாடகைக்குப் பற்றுச்சீட்டு கொடுக்க, பழுது பார்க்க, அறிவித்தல் கொடுக்க மட்டும் ஒரு அதிகாரக் கடிதம் போதும் என்றார். நான் உள்நாட்டில் இருப்பதால் கையெழுத்துக்கு நானே வரலாம்.

மூன்று பேர் கிடைத்தார்கள். முதலாமவர் புறோக்கர். ஆள் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாத வாடகை அவருக்கு. கெட்டிக்காரர்தான், ஆனால் குடியிருப்பவர் மாறும்போதுதான் அவருக்குக் காசு. எனக்கோ ஒரே ஆள் நீண்ட நாள் இருக்க வேண்டும். இரண்டாமவர் ஓய்வு பெற்ற அரச ஊழியர், மரியாதையானவர். "ஒரு பொது அற்றோணி எழுதித் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. இங்கே பழக்கம் அப்படி. மூன்றாமவர் நாற்பது வயதுப் பெண். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர், கணவர் மேசன்.

மூவரிடமும் ஒன்றையே கேட்டேன். இரண்டாயிரம் ரூபாய் தருகிறேன், இரண்டாவது வீட்டை ஒரு தரம் போய்ப் பார்த்து, கண்டதை எனக்குச் சொல்லுங்கள். புறோக்கர் முன்பக்கத்தை மட்டும் மூன்று படம் எடுத்து அனுப்பினார். ஓய்வு பெற்றவர் கோல் எடுத்து, "வீடு நல்லா இருக்கு தம்பி" என்றார். அந்தப் பெண்ணிடமிருந்து பதினொரு படங்கள் வந்தன. கரண்ட் மீட்டரின் இலக்கங்கள். சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்த குசினிப் பைப். பின்கதவு நிலையின் அடியில் விரல் தடிப்பில் ஏறிய கறையான் மண். கடைசிப் படம் கிழக்கு வேலி. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்:

"அண்ணை, இந்த ஆறு கிளுவைக் கதியாலும் புதுசு, இப்பதான் துளிர்க்குது. பழைய கதியாலின்ர அடிக்கட்டை வெளிப்பக்கம் நிக்குது. வேலி உள்ளுக்கு வந்திருக்கு. பிளான் இருந்தா அனுப்புங்கோ."

அந்த வேலியை மூன்று வருடமாக நாங்கள் யாருமே பார்க்கவில்லை. பிறகு நில அளவையாளரைக் கொண்டு அளந்தபோது இரண்டடி உள்ளே வந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் அளந்ததால் சண்டையில்லாமல் திருப்பி நட்டார்கள்.

அந்தப் பெண்ணையே எடுத்தேன். சம்பளம் பேசுவது எனக்குச் சங்கடமாக இருந்தது, இங்கே இதற்கென்று நிலையான ரேட் கிடையாது. வாடகையில் பத்து வீதம் என்று யோசித்தேன். ஆனால் முழுவதும் வீதக் கணக்கென்றால், வீடு வெறுமையாகக் கிடக்கும்போதுதான் வேலை கூட, காசு இல்லை. அந்த அவசரத்தில் யாரையாவது பிடித்து விடவும் தோன்றும். அதனால் மாதம் எட்டாயிரம் நிரந்தரமாக, வந்து சேர்ந்த வாடகையில் மூன்று வீதம் மேலதிகமாக, போக்குவரத்துக் காசு தனியாக என்று முடிவானது. வாடகை அவர் கைக்கு வராது, நேரே அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போகும். காசு வந்துவிட்டது என்று நான் சொன்னதும் காபன் வைத்த புத்தகத்தில் பற்றுச்சீட்டு எழுதி, ஒன்றைக் குடியிருப்பவரிடம் கொடுப்பார். முற்பணங்களை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டோம். அது குடியிருப்பவரின் காசு, எங்களுடையது இல்லை. இதையெல்லாம் எழுதும்போது அவர் கோபிப்பாரோ என்று பயந்தேன். "இப்பிடி இருந்தாத்தான் எனக்கும் நல்லது அண்ணை, நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கை காட்டேலாது" என்றார்.

பத்தாயிரத்துக்கு உட்பட்ட பழுதைக் கேட்காமல் செய்யலாம் என்று எழுதியிருந்தோம். ஆகஸ்டில், கிணறு அடிக்குப் போயிருந்த நேரம், மோட்டர் எரிந்தது. நான் மீட்டிங்கில், போன் அணைத்திருந்தது. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் பதினாலாயிரம் செலவழித்துச் சரிபார்த்துவிட்டு பில்லை அனுப்பினார். முதலில் எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் நான் எழுதிய எல்லைதான் பிழை. தண்ணி, கரண்ட், கூரை மூன்றுக்கும் இருபதாயிரம் வரை என்று மாற்றினோம். ஐந்து மாத நிலுவையையும் தவணை தவணையாக வாங்கித் தந்தார். அந்தக் குடும்பம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஒக்டோபர் பிறக்குமுன் ஓடு பார்த்து, பீலியில் கிடந்த வேப்பஞ்சருகை வாரிக் கொட்டுவதையும் வேலையில் சேர்த்திருக்கிறோம்.

கிளிநொச்சிதான் இன்னும் முடியவில்லை. பேச்சின் முதல் நாளே அவர், "அந்தக் காணி உறுதியோ, பெர்மிட்டோ?" என்று கேட்டார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வந்தது, இன்னும் அப்பா பெயரில். எழுத்து மூல அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் சொன்னார்கள். முதலில் அம்மா பெயருக்கு மாற வேண்டும். மரணச் சான்றிதழ், விவாகப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம் எல்லாம் கொடுத்தாயிற்று. அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் அந்த அறைகளில் இருந்தார்கள். படிப்பு முடிந்து போனவர்களின் இடத்துக்கு நாங்கள் ஆள் எடுக்கவில்லை.

இப்போது நான்கும் பூட்டிக் கிடக்கின்றன. மாதம் ஒருமுறை அவர் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் போய், கதவுகளைத் திறந்து காற்றுப்பட விட்டு, கூட்டி, நிலைகளில் கறையான் பார்த்து, நான்கு அறையையும் படம் எடுத்து அனுப்புகிறார். அம்மா அந்தப் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்த நாளுக்கான கூலியைத் தனியாகப் போடுகிறேன்.