கிளௌகா: கோட்டைச் சுவருக்கு வெளியே ஒரு பேட்டை

ஜெர்மனி போய்வரும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி போட்டோதான் போடுகிறார்கள். பெர்லின் சுவர், கொலோன் தேவாலயக் கோபுரம், பவேரியாவில் மலைமேல் இருக்கிற அந்தக் கோட்டை. நான் போன இடத்தின் பேரைச் சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்கிறார்கள். ஹாலே என்று ஒரு பழைய நகரம், லைப்சிக் பக்கத்தில். அந்த நகரத்துக்குள்கூட இல்லை, பழைய மதில் சுவருக்கு வெளியே தெற்கே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பேட்டை. கிளௌகா என்று பேர். 1817 வரை அது தனி ஊர், அதன் பிறகுதான் நகரத்தோடு சேர்த்தார்கள்.

ராமநாதபுரம் கடற்கரைக்காரன் ஒருத்தன் அங்கே போக ஒரு காரணம் இருக்கிறது. மண்டபத்திலிருந்து பாசஞ்சர் ரயில் பிடித்து ராமநாதபுரம் போய் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். அப்துல் கலாம் படித்த பள்ளிக்கூடம் என்று எல்லோருக்கும் தெரியும், சுவரில் அவர் படமும் இருக்கும், ஆனால் ஸ்வார்ட்ஸ் யார் என்று அந்த வயதில் எவனும் கேட்டதில்லை, வாத்தியார்களும் சொன்னதில்லை. பேரைப் பார்த்து ஏதோ வெள்ளைக்கார கலெக்டர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கிறிஸ்தியான் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸ், 1726-ல் பிறந்தவர், ஜெர்மன்காரர், லுத்தரன் பாதிரியார். ஹாலேயில் படித்து, அங்கேயே தமிழும் கற்று, 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். பிறகு திருச்சி, தஞ்சாவூர் என்று இருந்து 1798-ல் தஞ்சாவூரிலேயே இறந்தார். நாற்பத்தெட்டு வருடம், ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. 1780-களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை என்று ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் தொடங்கக் காரணமாக இருந்தவர்.

தமிழ்நாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஒருத்தர் ஜெர்மனியில் உட்கார்ந்து தமிழ் படித்திருக்கிறார் என்றால், அந்த இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

அக்கா மகன் லைப்சிக்கில் மேல்படிப்பு படிக்கிறான். அவன் ரூமில்தான் தங்கல். அங்கிருந்து எஸ்-பான் என்கிற புறநகர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஹாலே. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம், டிராமும் உண்டு, பிராங்கேபிளாட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்க வேண்டும். இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு மேம்பாலம். 1970 வாக்கில், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெமிக்கல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய புது நகரத்துக்குப் போக வர இதைக் கட்டியிருக்கிறார்கள். பழைய மதில் சுவர் போய், அதே இடத்தை இப்போது காரும் லாரியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாலத்தின் சத்தம் காதை அடைக்க, அதன் ஓரத்திலேயே முந்நூறு வருடத்து மஞ்சள் கட்டடம் ஒன்று நிற்கிறது.

"இதைப் பார்க்கவா மாமா என்னை லீவு போட்டு வரச் சொன்னீங்க?" என்றான்.

"உள்ளே வா மாப்ள, சொல்றேன்."

அந்தக் கட்டடம் அனாதை இல்லமாகக் கட்டியது. ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியார் 1692-ல் கிளௌகா தேவாலயத்துக்கு வந்தபோது ஊர் படுமோசமான நிலையில் இருந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால்தான் கொள்ளைநோய் வந்து பாதி ஊருக்கு மேல் வாரிக்கொண்டு போயிருந்தது. இருந்த சுமார் இருநூறு வீடுகளில் முப்பத்தேழு வீடு சாராயக்கடையாம். மதிலுக்கு உள்ளே உப்பு விற்ற காசில் கொழுத்த நகரம், வெளியே இந்தப் பேட்டை. 1695-ல் காணிக்கைப் பெட்டியில் யாரோ போட்ட 4 தாலர் 16 குரோஷன் காசை எடுத்து, புத்தகம் வாங்கி, ஒரு ஏழை மாணவனை வாத்தியாராக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் ஆரம்பித்தார். மூன்று வருடத்தில் தங்கக் கழுகு என்ற பேரில் ஓடிய ஒரு சத்திரத்தை விலைக்கு வாங்கி, அந்த இடத்தில் இந்த இல்லத்துக்கு அடிக்கல் போட்டுவிட்டார். முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கிற இரண்டு கழுகுகள் இன்றும் இருக்கின்றன. 1727-ல் அவர் இறந்தபோது அந்த வளாகத்தில் படித்த பிள்ளைகள் 2,000க்கு மேல்.

வெறும் தர்மத்தில் இது ஓடவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். பிராங்கே நல்ல வியாபாரி. அச்சுக்கூடம், புத்தகக் கடை, மருந்துக் கடை எல்லாம் வைத்திருந்தார். தங்கம் கலந்தது என்று சொல்லி ஒரு ரகசிய மருந்து தயாரித்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். 1710-ல் ஆரம்பித்த பைபிள் அச்சகத்தில் கோத்த அச்சைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து திரும்பத் திரும்ப அடித்ததால் ஏழைகூட வாங்குகிற விலைக்குக் கொடுக்க முடிந்தது. அதே 1710-ல், ஹாலேயிலிருந்து நம்ம நாட்டுக்கு வந்த பாதிரியார்கள் எழுதி அனுப்பிய கடிதங்களைத் தொகுத்து ஒரு பத்திரிகையாகவே வெளியிடத் தொடங்கினார்கள். தரங்கம்பாடியில் என்ன மழை, எந்த ஊரில் பஞ்சம், யாரோடு என்ன வாக்குவாதம் என்பதெல்லாம் ஜெர்மனியில் அச்சாகி, படித்தவர்கள் காசு அனுப்பி, அந்தக் காசு மறுபடி இங்கே வந்திருக்கிறது.

முகப்பைத் தாண்டி உள்ளே போனால் மேம்பாலச் சத்தம் குறைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் கட்டடங்கள், நடுவே நீளமான முற்றம். ஒரு பக்கம் மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஆறு மாடி வீடு, நூறு மீட்டருக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது. முற்றத்தின் கடைசியில் பிராங்கே சிலை, பக்கத்தில் இரண்டு குழந்தைகள். சிலைகளில் எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. சரி, மேலே போவோம்.

மேலே என்றால் அனாதை இல்லத்தின் மோட்டுக்குக் கீழே இருக்கிற கடைசி மாடி. அங்கேதான் அதிசயப் பொருள் அறை. 1741 வாக்கில் எப்படி அடுக்கினார்களோ அந்த ஒழுங்கிலேயே இன்றும் வைத்திருக்கிறார்கள். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. நடுவில் ஆளைவிடப் பெரிய கிரக மாதிரிகள், சூரியன் நடுவில் இருக்கிறதா பூமி நடுவில் இருக்கிறதா என்று இரண்டு விதமாகவும் செய்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் அலமாரிகள். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளே இருப்பதை ஓவியமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத அனாதைப் பிள்ளையும் எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சங்கும் சிப்பியும் பவளமும் உள்ள அலமாரி முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வைத்திருக்கிற பொருட்காட்சியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த இடத்தில் கால் தானாக நின்றுவிடுகிறது.

அப்புறம் ஓலை. நம்ம பனை ஓலைதான். எழுத்தாணியால் கீறிய எழுத்து, ஓரத்தில் கயிறு கோக்கிற துளை. ராமநாதபுரம் மாவட்டத்தில் பனை இல்லாத கண்மாய்க்கரை ஏது? கூரைக்குப் போகும், பெட்டி முடையப் போகும், கருப்பட்டி காய்ச்சும்போது அடுப்புக்குப் போகும். அந்த ஓலை இங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு படித்துப் பார்த்தோம். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழியும். எ, ஏ இரண்டுக்கும் கொம்பு ஒன்றுதான். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். மாப்ள போனில் பெரிதாக்கிப் பார்த்து இரண்டு மூன்று சொல்லைப் பிடித்துவிட்டான், அதற்கே அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. லீவு போட்டதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

இந்த ஓலைகளை அனுப்பி வைத்த வரிசையில் முதல் ஆள் சீகன்பால்கு பாதிரியார். ஹாலேயில் படித்தவர், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரல் வைத்து எழுதிப் படித்தவர், இரண்டே வருடத்தில் தன்னிடம் சேர்ந்த தமிழ் ஏடுகளுக்குப் பட்டியல் போட்டார். திருக்குறளும் அதில் இருக்கிறது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம், லத்தீனில், 1716-ல் ஹாலேயில் அச்சானது. அதற்கு முன்னால் 1710-ல் தமிழ் அச்செழுத்தை ஹாலேயில்தான் வார்த்தார்கள். வார்த்தவர்களுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரியைப் பார்த்துச் செய்தது. அந்த எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன, ஆனால் ரொம்பப் பெரிசு, ஒரு பக்கத்தில் நாலு வரி அடித்தாலே காகிதம் காலி என்கிற கதை. அப்புறம் தரங்கம்பாடியிலேயே, இங்கிலாந்திலிருந்து சீஸ் வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை அடித்து முடித்தார்கள். காகிதம் பத்தாமல் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூத்துக்குடி நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். முதல் தமிழ் அச்சு இது இல்லை. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது, அதைச் செய்த அன்ரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் வாழ்ந்தவர். ஹாலேக்காரர்கள் நூற்று முப்பது வருடம் பிந்தி வந்தவர்கள்.

எனக்கு அந்த வளாகத்தின்மேல் ஒரு வருத்தம் உண்டு. சீகன்பால்கு இங்கே கோயில் கோயிலாகக் கேட்டு, ஆட்களுக்குக் கடிதம் எழுதிப் பதில் வாங்கி, நம்ம சாமிகள் எல்லாவற்றையும் பற்றி, ஐயனார், எல்லம்மன் உட்பட, ஒரு பெரிய நூல் எழுதி 1713-ல் ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அச்சடிக்க மறுத்துவிட்டார். பாதிரியார்களை அனுப்பியது அந்த மதத்தை ஒழிக்க, ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர் கட்சி. ஏழைப் பிள்ளைக்கு உலகத்தைக் காட்ட முதலையைத் தொங்கவிட்ட மனிதர், அய்யனாரைக் காட்ட மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் காலத்துப் பாதிரியார் வேறு எப்படி யோசிப்பார் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அதே காலத்துப் பாதிரியார்தானே எழுதியதும்? நூல் 1867-ல்தான் அச்சேறியது, அதுவும் சென்னையில். 1713-ன் மூல வடிவத்தை 2003-ல் பதிப்பித்தவர் டேனியல் ஜெயராஜ், நம்ம தமிழ் ஆய்வாளர். என் கணக்கில் ஹாலே தமிழுக்குச் செய்த நல்ல காரியங்களில் பாதி, அது தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான். எரிக்கவில்லை, விற்கவில்லை, பரணில் போட்டுக் காத்தார்கள். நம்ம பக்கம் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் விட்ட ஏடுகளை நினைத்தால் அவர்கள்மேல் ரொம்பக் கோபப்படவும் முடியவில்லை.

ஸ்வார்ட்ஸ் கதையும் இதில்தான் வந்து சேர்கிறது. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் இருந்துவிட்டு 1743-ல் ஹாலே திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சே என்ற பாதிரியார், தமிழ் பைபிள் வேலைக்கு உதவ ஆள் தேடியபோது மாணவனாக இருந்த ஸ்வார்ட்ஸைப் பிடித்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அந்த வளாகத்தில் எந்த அறையில் அது நடந்தது என்று காட்ட அங்கே பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. 1720-களில் கட்டிய நூலகம் மட்டும் அப்படியே இருக்கிறது, நாடக மேடைத் தட்டிபோலப் பக்கவாட்டில் நிற்கும் புத்தக அலமாரிகளோடு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும்.

வளாகத்தை விட்டு வெளியே வந்து கிளௌகாவின் தெருக்களில் சுற்றினோம். அழகு என்று சொல்ல மாட்டேன். நூற்று முப்பது, நூற்று நாற்பது வருடத்து நாலு மாடி வீடுகள், ஒன்று பளபளவென்று சுண்ணாம்பு பூசியிருக்கிறது, அடுத்தது காரை உதிர்ந்து ஜன்னலுக்குப் பலகை அடித்துக் கிடக்கிறது. 1990க்குப் பிறகு வேலை தேடி ஜனங்கள் மேற்கே போனதில் காலியான வீடுகள். கீழக்கரையில் கொழும்புக்கும் துபாய்க்கும் போனவர்களின் பூட்டிய வீட்டு வரிசையில் நடப்பதுபோல இருந்தது, தேக்குக் கதவு மட்டும்தான் குறை. பத்துப் பதினைந்து வருடமாக ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஆட்கள் திரும்பக் குடிவருகிறார்களாம். மாணவர்கள் நிறைய. வாடகையைக் கேட்டுவிட்டு மாப்ள பெருமூச்சு விட்டான், லைப்சிக்கைவிடக் குறைவு.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை போகாதீர்கள், கண்காட்சி மூடியிருக்கும். ஓலைகளை நிஜமாகவே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் காட்சியறை போதாது, ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். கூரைமேல் ஒரு மாடம் இருக்கிறது, விடாமல் ஏறிவிடுங்கள், அங்கிருந்து பார்த்தால்தான் இந்தப் பக்கம் பேட்டை, அந்தப் பக்கம் ஊர், நடுவே மேம்பாலம் என்று எல்லாம் விளங்கும்.

ஊருக்குள் ஹேண்டல் பிறந்த வீடு இருக்கிறது. அவர் இசை எனக்கும் தெரியாது, மாப்ளைக்கும் தெரியாது, அதனால் போகவில்லை. நான் பார்க்க ஆசைப்பட்டது உப்பு. வாலிநோக்கத்தில் பாத்தி கட்டி வெயிலில் விளைகிற உப்பைப் பார்த்தவனுக்கு, வெயிலே சரியாக அடிக்காத ஊரில் கிணற்று உப்புநீரை விறகு வைத்துக் காய்ச்சி எப்படிப் பணக்காரர்களானார்கள் என்று தெரிய வேண்டாமா? அதற்குள் இருட்டிவிட்டது. உப்புத் தொழிலாளர்களின் வெள்ளிப் பொத்தான் வடிவத்தில் ஹாலோரன் என்று ஒரு சாக்லேட் உருண்டை விற்கிறார்கள், 1804-லிருந்து இருக்கிற கம்பெனி. அக்காவுக்கு என்று ஒரு பெட்டி வாங்கினேன். லைப்சிக் வருவதற்குள் அவள் மகன் பாதியைத் தின்றுவிட்டான்.